பழைய தையல் மிஷினா, பழசு போலச் செய்த புதுசா? வாங்கும் முன் பார்க்க வேண்டிய வரிசை

பினாங்கில் பழைய தையல் மிஷின் தேடுகிறவர்கள் லோரோங் கூலிட் காலைச் சந்தைக்குப் போவார்கள், ஜார்ஜ்டவுனில் இருக்கும் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்குவார்கள், இல்லையென்றால் இணையத்தில் வரும் விளம்பரங்களைப் பார்ப்பார்கள். எங்கே போனாலும் புதியவர்கள் செய்வது ஒன்றுதான். தங்கப் பூவேலையைப் பார்க்கிறார்கள், பெயரைப் படிக்கிறார்கள், உடனே விலை கேட்கிறார்கள். ஒரு மிஷினில் மிகச் சுலபமாகப் போலி செய்யக்கூடியவை அந்தப் பூவும் அந்தப் பெயரும்தான்.

அதனால் நான் சொல்லும் வரிசை தலைகீழானது. போலி செய்யக் கஷ்டமானதை முதலில் பாருங்கள், சுலபமானதைக் கடைசியில் பாருங்கள். அடிப்பக்கம், ஷட்டில் (அடி நூலை மேல் நூலோடு பின்னும் பாகம்), ஸ்குரூ, எண், பேட்ஜ், அதன் பிறகே பெயின்ட்டும் பூவும். முதல் இரண்டு படியிலேயே பாதி மிஷின்கள் கழன்றுவிடும், உங்கள் நேரமும் மிச்சம்.

1. எதிலிருந்து எதைப் பிரிக்கிறோம்

'பழசு' என்று சொல்லி விற்கப்படுவதில் பல வகை உண்டு. இதை முன்கூட்டியே மனத்தில் வைக்காவிட்டால் பிறகு பார்க்கும் எதுவும் புரியாது.

உண்மையான பழைய மிஷின் ஒரு வகை. பழைய வடிவத்திலேயே பிற்காலத்தில் வார்த்து, கறுப்பு அடித்து, தங்கப் பூ ஒட்டி விற்கப்படும் கை மிஷினும் கால் மிஷினும் இன்னொரு வகை. இவையும் வார்ப்பிரும்புதான், இவையும் தைக்கும். மூன்றாவது, கடை அலங்காரத்துக்கும் காப்பிக்கடை மேசைக்கும் செய்யப்படுபவை. நான்காவதுதான் அதிகம் ஏமாற்றுவது: இரும்பு பழசு, ஆனால் பெயின்ட் புதுசு, பேட்ஜ் வேறொன்றிலிருந்து வந்தது, கால் இன்னொரு மிஷினுடையது.

இவற்றுக்கு நடுவே ஜப்பானியப் பிரதிகளும் சீன மிஷின்களும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானியத் தொழிற்சாலைகள் சிங்கரின் 15ஆம் மாடலை அப்படியே எடுத்துப் பல பெயர்களில் செய்து தள்ளின. ஷாங்காயின் பட்டர்ஃபிளையும் அதே வடிவம்தான். நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் தீபாவளிச் சட்டை பட்டர்ஃபிளையில்தான் தைக்கப்பட்டது, உழைக்கிற மிஷின், அதைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் மேல் சிங்கர் பெயரை ஒட்டி நூறு வருடம் என்று விற்பதுதான் மோசடி.

2. கையில் எடுத்துப் போக வேண்டியவை

சின்ன டார்ச், காந்தம், அளவு நாடா, வாய் அகலமான தட்டை ஸ்குரூ டிரைவர், மெல்லிய வெள்ளைத் தாள், பென்சில், ஒரு துண்டு பருத்தித் துணி, வெளிர் நிற நூல், கைப்பேசி. ஸ்குரூ டிரைவரை விற்பவர் சம்மதித்த பிறகே வெளியில் எடுங்கள்.

சந்தைக்குக் காலையிலேயே போங்கள். மதியம் நெருங்கினால் சாமானைக் கட்டும் அவசரத்தில் இருப்பார்கள், யாரும் மிஷினைக் கவிழ்க்க விடமாட்டார்கள்.

3. முதல் கேள்வி

வயதைக் கேட்காதீர்கள். கேட்டால் "வெள்ளைக்காரன் காலத்து மிஷின் தம்பி, எங்க பாட்டி வெச்சிருந்தது" என்றுதான் பதில் வரும், அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. "சரிண்ணே, கவிழ்த்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். விற்பவர் சீன அங்கிளாக இருந்தாலும் மலாய் பாக்சிக்காக இருந்தாலும், நல்ல சாமான் வைத்திருப்பவர் பெரும்பாலும் தானே வந்து தூக்கிக் காட்டுவார். கவிழ்க்கவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

4. கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்

கவிழ்க்கும் முன் ஓர் எச்சரிக்கை. மிஷின் தலை பின்பக்கத்தில் இரண்டு கீல் ஊசிகளில்தான் நிற்கிறது. அந்த ஊசிகளைப் பிடிக்கும் ஸ்குரூ தளர்ந்திருந்தால், பின்னால் சாய்க்கும்போது முழுத் தலையும் கழன்று விழும். முழு அளவு வார்ப்பிரும்புத் தலை பத்து கிலோவுக்கு மேல் இருக்கும், கால் விரல் தாங்காது. ஒரு கையைப் பின்னால் கொடுத்துக்கொண்டு, கால் மிஷினாக இருந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மெதுவாகச் சாய்த்து வையுங்கள்.

இப்போது டார்ச் அடியுங்கள். பழைய மிஷினின் அடியில் பல வருட எண்ணெய் காய்ந்து பழுப்பு வார்னிஷ் போல் படிந்திருக்கும். அதில் நூல் துணுக்கும் துணித் தூசும் சிக்கி, தண்டுகள் அசையும் இடத்தில் மட்டும் இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கும். கவனிக்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். அசையும் இடம் தேய்ந்து, அசையாத இடம் அழுக்கேறி இருக்க வேண்டும். அடிப்பக்கம் முழுக்க ஒரே சீரான கறுப்பு பெயின்ட், மூலைகளில் வார்ப்பு மணல் சொரசொரப்பு, அல்லது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி செந்துரு என்றால் சந்தேகப்படுங்கள். துருவைச் செயற்கையாகவும் ஏற்றலாம், தேய்மானத்தைச் சரியான இடத்தில் வரவழைப்பது அவ்வளவு சுலபமில்லை.

அடுத்து எழுத்துகளைத் தேடுங்கள். சிங்கர் தன் உதிரிப் பாகங்களில் 'சிமான்கோ' என்ற சொல்லையும் பாக எண்ணையும் பொடி எழுத்தில் குத்துவது வழக்கம். தகடு, பிரஷர் ஃபுட், உள்ளே இருக்கும் தண்டு என்று பல இடங்களில் அது தென்படும். ஒன்றிரண்டில் இல்லாவிட்டால் கவலையில்லை, பாகங்கள் மாறியிருக்கும். எங்குமே ஒரு குறியும் இல்லையென்றால் யோசிக்க வேண்டும். ஜப்பானியப் பிரதிகளின் அடியில் 'ஜே-ஏ', 'ஜே-சி' என்று தொடங்கும் வார்ப்புக் குறி இருக்கும், சீன மிஷின்களிலும் ஜே.ஏ. என்று தொடங்கும் மாடல் குறி உண்டு. இவற்றில் எதைக் கண்டாலும் மேலே என்ன பெயர் எழுதியிருந்தாலும் அது சிங்கர் இல்லை.

காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காந்தம் ஒட்டினால் அசல், ஒட்டாவிட்டால் போலி என்று பலர் சொல்லித் திரிகிறார்கள். இரண்டுமே தவறு. புதிய பிரதியும் வார்ப்பிரும்பு, அதிலும் ஒட்டும். 1933இல் வந்த சிங்கர் 221 அலுமினியத்தால் ஆனது, முழுக்க அசல், அதன் உடம்பில் ஒட்டாது. அலங்காரத்துக்காகப் பிசினில் வார்த்த பொம்மை மிஷினைக் கண்டுபிடிக்க மட்டும் காந்தம் உதவும்.

5. ஷட்டிலைப் பாருங்கள்

ஊசித் தகட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சறுக்குத் தகட்டைத் தள்ளித் திறங்கள். உள்ளே நீளமான, தோட்டா வடிவ ஷட்டிலும் அதற்குள் ஒல்லியான நீள பாபினும் (அடி நூல் சுற்றும் உருளை) இருந்தால் நல்ல அறிகுறி. சிங்கர் 27, 28, 127, 128 மாடல்கள் இந்த வகை. இன்று பழைய தோற்றத்தில் செய்யப்படுபவை பெரும்பாலும் வட்ட பாபின் போடும் 15ஆம் மாடல் வடிவம், ஏனென்றால் அதற்கான அச்சும் உதிரிப் பாகங்களும் இன்றும் கிடைக்கின்றன. நீள ஷட்டில் போடும் மிஷினைப் புதிதாகச் செய்து விற்பது அரிது.

வட்ட பாபின் என்றால் போலி என்று அர்த்தமில்லை. அசல் 15ஆம் மாடலில் பாபின் கேஸ் இடது ஓரத்தில் செங்குத்தாக நிற்கும். 66, 99 மாடல்களில் பாபின் ஊசிக்கு முன்னால் தட்டையாகப் படுத்திருக்கும். சொல்லப்படும் மாடலும் பாபின் இருக்கும் இடமும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். '99' என்று பேட்ஜ் சொல்கிறது, பாபினோ இடது ஓரத்தில் நிற்கிறது என்றால் எங்கிருந்தோ பேட்ஜைக் கழற்றிக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள்.

பின்னோக்கித் தைக்கும் வசதியையும் பாருங்கள். தையல் நீளத்தை மாற்றும் இடத்தில் மேலும் கீழும் தள்ளும் நெம்புகோல் இருந்து, மேலே தள்ளினால் தையல் பின்னோக்கிப் போகிறது என்றால், அதை 1890 என்று சொல்லி விற்பவரிடம் வாதாட வேண்டாம். சிங்கர் வீட்டு மிஷின்களில் அந்த வசதி 1930களில் பரவியது.

6. ஸ்குரூக்கள்

புதியவர்கள் தவறாமல் தாண்டிப் போகும் படி இது. ஆனால் அரை நிமிடம்கூட ஆகாது.

கூட்டல் குறி போல் வெட்டிய ஸ்குரூத் தலை 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. நூறு வருடத்துக்கு மேல் என்று சொல்லப்படும் மிஷினில் முகத்தகடு, ஊசித் தகடு, கைப்பிடி என்று எல்லாவற்றிலும் அந்த வகை இருந்தால் முடிவு தெளிவு. ஒன்றில் மட்டும் இருந்தால் யாரோ தொலைந்த ஸ்குரூவுக்குப் பதில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அசல் ஸ்குரூவின் தலை மெருகேறி, ஒற்றை வெட்டோடு இருக்கும். அந்த வெட்டின் ஓரம் கொஞ்சம் நசுங்கியிருப்பது நல்லது, பல கைகள் அதைத் திருகியிருக்கின்றன என்று பொருள். வெட்டுக்குள் கறுப்பு பெயின்ட் தேங்கி நின்றால் ஸ்குரூவைக் கழற்றாமலேயே ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். அது மறுபெயின்ட் மிஷின், விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

7. எண்ணைப் படிப்பது

சிங்கரில் எண், அடித்தட்டின் வலது ஓரத்தில், மேல் கையைத் தாங்கும் தூண் நிற்கும் பக்கத்தில் குத்தப்பட்டிருக்கும். அழுக்கு மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைத் தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், இலக்கங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். கைப்பேசிப் படத்தைவிட இது தெளிவு, அதோடு எழுத்தின் ஆழத்தையும் காட்டிவிடும். பழைய குத்தெழுத்தில் ஒரு இலக்கம் ஆழமாகவும் அடுத்தது கொஞ்சம் லேசாகவும் விழுந்திருக்கும், வரிசையும் நூல் பிடித்தது போல் இருக்காது. புதியதில் ஸ்டிக்கர், ரிவெட் அடித்த தகடு, அல்லது ஒரே ஆழத்தில் கீறிய மெல்லிய கோடுகள் இருக்கும்.

எண் இருக்கிறது என்பதே சான்றாகாது, பட்டர்ஃபிளைக்கும் எண் உண்டு. அது சொல்வது மிஷினோடு ஒத்துப்போக வேண்டும். சிங்கரில் முன்னால் எழுத்தே இல்லாமல் வெறும் இலக்கங்கள் என்றால் 1900க்கு முந்தியது. எழுத்து இருந்தால் அது தொழிற்சாலையையும் காலத்தையும் சொல்லும். நம் பக்கம் அதிகம் கிடைப்பவை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அங்கே எஃப் வரிசை 1910களைச் சேர்ந்தது, ஒய் வரிசை 1921 முதல் 1935 வரை, அதற்குப் பிறகு ஈ.ஏ., ஈ.பி. என்று இரட்டை எழுத்துகள். ஜி என்றால் அமெரிக்காவின் எலிசபெத் நகரம், சி என்றால் ஜெர்மனியின் விட்டன்பெர்கே. ஆங்கில அகரவரிசையில் ஒய் கடைசிப் பக்கம் வருவதால் அதுதான் பிந்தியது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஈ.ஏ. வந்தது ஒய்க்குப் பிறகு.

எண் காட்டும் தேதி, அந்த எண் தொகுதி தொழிற்சாலைக்கு ஒதுக்கப்பட்ட நாள். மிஷின் கடைக்கு வந்தது சில மாதமோ அதற்கும் மேலோ தள்ளி இருக்கலாம், எனவே ஒரு வருட வித்தியாசத்துக்காகச் சண்டை போட வேண்டாம். ஆனால் 'பாட்டியின் 1895 மிஷின்' என்று சொல்லிவிட்டு எண் ஈ.சி. என்று தொடங்கினால், அது பாட்டியின் மிஷினாகவே இருக்கலாம், 1895 மட்டும் நிச்சயம் இல்லை.

எண் இருக்க வேண்டிய இடத்தை அரத்தால் தேய்த்திருந்தால் வாங்காதீர்கள். எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

8. பேட்ஜ்

தூணில் இருக்கும் நீள்வட்டப் பித்தளை பேட்ஜ் இரண்டு சின்ன ஆணிகளால் அடிக்கப்பட்டிருக்கும். ஸ்குரூ, பசை, புதிய பளபளப்பு மூன்றும் சந்தேகத்துக்குரியவை. பேட்ஜை நகத்தால் தட்டி, ஆடுகிறதா என்று பாருங்கள். ஓரத்தில் பழைய ஆணித் துளை வெளியே தெரிந்தால் அங்கே வேறு அளவு பேட்ஜ் இருந்திருக்கிறது.

நீல வளையத்துக்குள் 1851, 1951 என்று இரண்டு ஆண்டுகள் போட்ட பேட்ஜைப் பார்த்துவிட்டு '1851இல் செய்தது' என்று வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அது நிறுவனத்தின் நூற்றாண்டுக்காக ஒட்டிய பேட்ஜ். அசல்தான், ஆனால் மிஷின் 1950களை ஒட்டியது.

9. பெயின்ட்டும் பூவேலையும்

இப்போதுதான் அழகைப் பார்க்கும் நேரம்.

பழைய கறுப்பு, தார் கலந்த மெருகைச் சூட்டில் ஏற்றியது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் ஆழமாக, கண்ணாடி போல் தெரியும், தேய்ந்து மெலிந்த ஓரங்களில் லேசான பழுப்பு எட்டிப் பார்க்கும். ஸ்பிரே கறுப்பு ஓரம் வரைக்கும் ஒரே கறுப்புதான், உதிர்ந்த இடத்தில் சாம்பல் நிற பிரைமர் தெரியும்.

பூவேலையில் நான் முதலில் பார்ப்பது அடித்தட்டின் முன் ஓரம். துணியும் உள்ளங்கையும் வருடக்கணக்கில் உரசும் இடம் அது, தங்கம் அங்கேதான் முதலில் போக வேண்டும். தூணின் பின்பக்கத்துப் பூ ஏறக்குறைய முழுதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே யார் கையும் படுவதில்லை. முன்னால் பூ அழிந்து பின்னால் பளிச்சென்று இருந்தால் நம்பலாம். எல்லா இடத்திலும் சமமாகத் தேய்ந்திருந்தால் யாரோ மணல் தாளால் 'பழசாக்கி' இருக்கிறார்கள். எங்குமே தேயாமல் மின்னினால் ஒன்று அந்த மிஷின் பெட்டியிலேயே கிடந்திருக்க வேண்டும், அப்போது அடிப்பக்கமும் அதே அளவு தேயாமல் இருக்கும், இல்லையென்றால் பூ புதிதாக ஒட்டியது.

இன்னொன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஊசிக்கு வலதுபுறம் அடித்தட்டில் தலைமுடி போன்ற பொடிக் கீறல்கள் கூட்டமாக இருக்கும். தைப்பவர்கள் துணியில் குத்திய குண்டூசிகள் உரசி உரசி வந்தவை, எல்லாத் திசையிலும் ஓடும். பழசாக்குகிறவர்களின் கீறல்கள் ஒரே திசையில் போகும்.

நகத்தை மெதுவாகப் பூவின் ஓரத்தில் ஓட்டுங்கள். அசலில் மேலே தெளிந்த மெருகு பூசியிருப்பதால் தேயாத இடத்தில் ஓரம் தட்டுப்படாது. ஸ்டிக்கர் என்றால் தட்டும். நல்ல பிரதிப் பூக்களும் இப்போது விலைக்குக் கிடைக்கின்றன, அவற்றின் மேலும் மெருகு பூசலாம், ஆகவே இந்த நகச் சோதனை தனியாக நிற்காது, முன் ஓரத் தேய்மானத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்பிரிட், தின்னர், சானிடைசர் எதையும் தொட்டுத் துடைத்து 'அசல் பூவா' என்று பார்க்க வேண்டாம். பழைய மெருகு சாராயத்தில் கரையும். அசலாக இருந்தால், நூறு வருடம் தாங்கிய பூ உங்கள் துணியோடு வந்துவிடும்.

10. காலும் மேசையும்

கால் மிஷின் என்றால் தலையையும் காலையும் இரண்டு தனிப் பொருளாக மதிப்பிடுங்கள். பழைய தலை போய், கால் மட்டும் தங்கி, அதன் மேல் பளிங்குப் பலகை போட்டு மேசையாவது நம் ஊர்க் காப்பிக்கடைகளில் சகஜம். அந்தத் தேவைக்காகவே புதிதாகச் செய்த கால்களும் வருகின்றன.

அசல் காலில் மிதியின் அச்சு, பெரிய சக்கரத்தின் அச்சு, இரண்டையும் இணைக்கும் தண்டு ஆகியவை தேய்ந்து எண்ணெய்க் கறையோடு இருக்கும். மிதியின் மேல் பாதம் பட்ட இடம் வழுவழுப்பாகியிருக்கும். புதிய மேசைக் காலில் மிதி வெறும் அலங்காரம். ஆடும், ஆனால் தண்டு மாட்டத் துளை இருக்காது. இணைப்புகளில் வெல்டிங் முடிச்சு தெரிந்தால் அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. மேசைப் பலகையின் ஓட்டையை அளந்து பாருங்கள், முழு அளவு சிங்கர் அடித்தட்டு ஏறக்குறைய பதினான்கரை அங்குல நீளம், ஏழு அங்குல அகலம். ஓட்டையை வாளால் பெரிதாக்கியிருந்தாலோ ஓரத்தில் கட்டை ஒட்டியிருந்தாலோ தலை வேறெங்கிருந்தோ வந்தது.

11. தைத்துப் பார்ப்பது

சக்கரத்தை உங்களை நோக்கிச் சுற்றுங்கள். ஊசி இறங்கி ஏறும்போது பாபின் நூல் மேலே வந்தால் உள்வேலை சரி. சுற்றவே மறுத்தால் வலுக்கட்டாயம் வேண்டாம், எண்ணெய் காய்ந்திருக்கும், அது போலிக்கு அடையாளமில்லை. மிகப் பழைய 12ஆம் மாடலுக்கு இன்றைய சாதாரண ஊசி பொருந்தாது, அதைத் தைத்துப் பார்க்க முடியவில்லை என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.

பிற்பாடு மோட்டார் பொருத்திய மிஷின் என்றால் சந்தையில் பிளக்கை மாட்டச் சொல்லாதீர்கள். பழைய ரப்பர் வயர் உள்ளேயே பொடிந்திருக்கும், நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட்.

12. விலை பேசும்போது

சிங்கர் கோடிக்கணக்கில் மிஷின் செய்தது. வயது மட்டும் விலையைக் கூட்டாது. நிலைமை, முழுமை, மாடல் மூன்றும்தான் கூட்டும். அசல் பெட்டி, சாவி, ஷட்டில், உதிரி ஃபுட்கள் எல்லாம் சேர்ந்திருந்தால் கொஞ்சம் அதிக வெள்ளி கொடுப்பதில் தவறில்லை. நீள ஷட்டில் இல்லாத 27ஆம் மாடலுக்கு அதைத் தனியாகத் தேடி அலைய வேண்டியிருக்கும், அதை விலையில் கழியுங்கள்.

யாராவது 'உள்ளே சிவப்புப் பாதரசம் இருக்கிறது' என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் நடையைக் கட்டுங்கள். 2009இல் சவூதி அரேபியாவில் இந்த வதந்தி கிளம்பி, பழைய சிங்கர்களின் விலை தாறுமாறாக ஏறியது. ஊசியருகே கைப்பேசியை வைத்தால் லைன் போய்விடும் என்றெல்லாம் சோதனை சொன்னார்கள். தையல் மிஷினுக்குள் இருப்பது இரும்பும் எண்ணெயும்தான்.

வாங்க முடிவு செய்துவிட்டால் ரசீதில் எண்ணையும் மாடலையும் எழுதச் சொல்லுங்கள். சந்தையில் ரசீது இல்லையென்றால் எண்ணைத் தேய்த்தெடுத்த தாளின் பின்புறம் தேதி, இடம், கொடுத்த விலை, சொல்லப்பட்ட கதை எல்லாவற்றையும் நீங்களே எழுதி மிஷின் பெட்டிக்குள் போடுங்கள்.

13. வீட்டுக்கு வந்ததும்

தையல் மிஷின் எண்ணெயை ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, மெதுவாகச் சுற்றுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், காய்ந்து பசையாகி அசைவையே நிறுத்திவிடும். பூவின் மேல் அதே மிஷின் எண்ணெயை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். மறுபெயின்ட் அடிக்கக் கை அரித்தாலும் அடிக்காதீர்கள், அடுத்து வாங்குபவர் உங்கள் மிஷினைத்தான் சந்தேகப்படுவார்.